பதினேழாம் தொட்டி

ஏரிக்கரைக் கொட்டகையில் விற்பனைக்கு மீன் வைத்திருந்த அறுபது கண்ணாடித் தொட்டிகள் இருந்தன. பதினேழாவதை மட்டும் நச்சிசாலே வேறு யாரையும் தொடவிட மாட்டாள். அதிலிருந்த பத்தொன்பது மஞ்சள்தலை மீன்களும் அவள் புருஷன் லும்பானி பிடித்தவை. மலாவி ஏரியில் நாற்பது மீட்டர் ஆழத்துப் பாறை இடுக்கிலிருந்து அவற்றைக் கொண்டுவந்த மறுநாள், அவன் மறுபடி முங்கியிருந்தபோது, படகிலிருந்து குழாய் வழியாக அவனுக்குக் காற்று அனுப்பிய மெஷின் நின்றுபோனது. மூச்சுக்குத் தவித்து ஒரே வீச்சில் மேலே வந்தவன், அந்த வேகத்தை உடம்பு தாங்காததால் கைகால் விளங்காமல் இரண்டு நாள் கிடந்து செத்தான்.

முதலாளி கலியாட்டி போலீஸிடம் சொன்னது வேறு. "புது மீன்னா அவனுக்குப் பைத்தியம். போகாதே போகாதேன்னேன், ஆழத்துக்குப் போயிட்டான்." அதைத்தான் எழுதிக்கொண்டார்கள். நச்சிசாலே வாயைத் திறக்கவில்லை. இரண்டு பெண் குழந்தைகள், கொட்டகையை விட்டால் வேறு பிழைப்பு இல்லை.

மஞ்சள்தலைகளுக்கு எதையும் முட்டிப் பார்த்தாக வேண்டும். கையை விட்டால் மோதிரத்தைக் கொத்தும். வடிகட்டிக்குத் தண்ணீர் உறிஞ்சும் குழாயையே சுற்றிச் சுற்றி வரும். அதன் வாய் மணிக்கட்டு அகலம். சல்லடை மூடி எப்போதோ உடைந்துவிட்டது. நச்சிசாலே அதன் மேல் பஞ்சு சுற்றி நூலால் கட்டியிருந்தாள்.

"என்னடி, குழாய்க்குக் குளிருதா? கம்பளி போத்தி வெச்சிருக்கே!" என்று கூட வேலை செய்யும் தெரேசா சிரிப்பாள்.

கலியாட்டிக்குச் சிரிப்பு வரவில்லை. "பஞ்சுல அழுக்கு அடைச்சு தண்ணி ஓட்டமே இல்ல. கழட்டு."

"தெனமும் பிழிஞ்சு கழுவிடறேன் ப்வானா," என்று முதலாளியைக் கெஞ்சினாள் நச்சிசாலே. "வெறும் குழாயா விட்டா மீனு உள்ள பூந்துரும்."

"மோட்டார் இழுக்கிற இழுப்புல பக்கத்துல வருமா? அதுக்கும் உயிர்பயம் இருக்கும்மா." அவனே பிடுங்கி எறிந்தான்.

வியாழக்கிழமை பகலில் கரண்ட் போனது. கலியாட்டி டவுனுக்குப் போயிருந்தான். இழுப்பு நின்றதும் மஞ்சள்தலைகள் குழாய் வாயில் கூடின. ஒன்று தலையை விட்டது, பிறகு உடம்பை. பின்னாலேயே இன்னொன்று. வாய் நிறையக் குஞ்சுகளை அடைகாத்துக்கொண்டு தாடை உப்பியிருந்த பெண்மீனும் நுழைந்தது. மோட்டார் சுவிட்ச் முதலாளியின் அறைக்குள். அறைக்குப் பூட்டு.

"தெரேசா! கதவை உடை! கரண்ட் வர்றதுக்குள்ள சுவிட்சை அணை!"

"கதவை உடைச்சா அந்தாளு என்னைக் கொன்னுருவான்டி!"

"உடைடீ!"

குழாயைச் சுவரோடு பூசியிருந்தார்கள், கழற்ற வழியில்லை. நச்சிசாலே தோள்வரை தண்ணீரில் கையை விட்டு, குழாய்க்குள் விரல்களால் துழாவினாள். மூன்று மீன்கள் வெளியே வந்தன. தெரேசா கல்லால் பூட்டை அடிக்கும் சத்தம் கேட்டது. அதற்குள் விளக்குகள் எரிந்தன. மோட்டார் உறுமியது. கூழாங்கல்லை அரைப்பது போல ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான்.

தெரேசா சுவிட்சை அணைத்தபோது ஏழு மீன்கள் போயிருந்தன. பெண்மீன் பாதி உடம்போடு குழாய் வளைவில் சிக்கியிருந்தது. நச்சிசாலே அதை உருவியெடுத்து, நகத்தால் தாடையைத் திறந்து கிண்ணத்தில் கவிழ்த்தாள். பதினான்கு குஞ்சுகள் விழுந்தன. ஒன்பது அசைந்தன.

சாயங்காலம் கலியாட்டி வந்து பார்த்தான். உடைந்த கதவைத்தான் முதலில் பார்த்தான். பிறகு தொட்டியை. "இந்த மீன் ஜாதிக்கு எதையும் முட்டிப் பாக்குற புத்தி. அதான் செத்துச்சு."

"லும்பானிக்கும் இதையேதான் சொன்னீங்க." நச்சிசாலேவின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "மெஷின் நின்னுச்சு ப்வானா. அவருக்குக் காத்து வரல. அன்னிக்குப் படகுல இருந்தது தெரேசா புருஷன். இவளைக் கேளுங்க."

தெரேசா தரையைப் பார்த்தாள். "எனக்கு எதுவும் தெரியாதுப்பா," என்றாள் மெல்ல.

"நாளையிலேர்ந்து நீ வர வேணாம்," என்றான் கலியாட்டி நச்சிசாலேயிடம்.

மறுநாள் நச்சிசாலே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். நடந்ததைச் சொன்னாள். போலீஸ்காரர் இரண்டு வரி எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"சாட்சி யாரும்மா?"

தெரேசாவின் புருஷன் பெயரைச் சொன்னாள்.

"அவனைக் கூட்டிட்டு திங்கக்கிழமை வா."

திங்கட்கிழமை அவள் தனியாகத்தான் போனாள். அடுத்த திங்கட்கிழமையும்.