பதினொரு மணி ஊர்வலம்

என் கணவரின் அண்ணன் குடும்பம் "வெளிக்கிட்டாச்சு, வந்துகொண்டிருக்கிறம்" என்று போனில் சொல்லும்போது, வீட்டில் ஒருவரும் இன்னும் குளித்திருக்க மாட்டார்கள். இது எனக்குப் பத்து வருடமாகத் தெரியும். தெரிந்துகொண்டே போன வருடம் ஓகஸ்டில் ஏமாந்தேனே, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

மொன்றியலிலிருந்து காரில் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு தோப்பு. வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே தேவதைத் திருவிழா நடக்கும். பெரியவர்கள் சிறகு கட்டிக்கொண்டு மரங்களுக்கு நடுவே நிற்பார்கள். பதினொரு மணிக்குப் பிள்ளைகளும் தங்கள் சிறகுகளோடு அவர்கள் பின்னால் ஊர்வலமாகக் காட்டுக்குள் போவார்கள். என் மகள் றெபேக்காவுக்கு அப்போது ஆறு வயது. கோயில் கிறிஸ்மஸ் ஒளிவிழாவில் வானதூதர் சம்மனசாக நடித்தபோது கட்டிய வெள்ளைச் சிறகுக்குப் பச்சைச் சாயம் போட்டுக் கொடுத்தேன். காலை எட்டு மணிக்கே அதைக் கட்டிக்கொண்டு யன்னலடியில் நின்றாள்.

அண்ணையாட்களும் வருகிறார்கள், சேர்ந்தே போவோம் என்றார் என் கணவர் டனிஸ்ரன். எட்டரைக்குப் போன் எடுத்தால் வெளிக்கிட்டாச்சு. பத்துக்கும் வெளிக்கிட்டாச்சு. அந்த அண்ணன், அருமைராசா அத்தார், குடும்பத்தோடு வந்து இறங்கியபோது மணி ஒன்றரை. வந்தவர்களைப் பட்டினி போட முடியுமா, சமைத்துப் போட்டேன். தேவதைகள் உனக்காக நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்களாம் என்று தகப்பன் மகளைத் தேற்றினார். அவள் அழவில்லை. சிறகைக் கழற்றிக் கட்டிலில் வைத்துவிட்டு வந்து சாப்பிட்டாள். அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பற்றிக்கொண்டு வந்திருக்காது.

அடுத்த கிழமையே, இரண்டு தரம் சோதனையில் தவறிக் கைவிட்டிருந்த கார் ஓட்டப் பழக்கத்தை மறுபடி தொடங்கினேன். கார் என் கையில் இருந்தால் யாரையும் பார்த்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை அல்லவா? டனிஸ்ரன் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிறவர். அவரிடம் பழகினால் குடும்பம் இரண்டாகும் என்று ஒரு பழக்கும் பள்ளிக்குப் போனேன். ஜனவரியில் ஒரு நாள் கார் பனியில் சறுக்கி நடைபாதையில் ஏறி நின்றது. வீட்டுக்கு வந்து, இனி இந்த வேலை வேண்டாம் என்றேன். அப்படியென்றால் தேவதைகளிடம் போக முடியாதா என்று றெபேக்கா கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காக மறுபடி போனேன். மார்ச்சில் லைசென்ஸ் கிடைத்தது.

அதற்குள் அவளுக்கு ஏழு வயதாகிவிட்டது. தேவதை என்று ஒன்றும் இல்லை, எல்லாம் வேஷம் போட்ட ஆட்கள் என்று வகுப்பில் ஒரு பெட்டைப்பிள்ளை சொன்னாளாம். இன்னும் ஒரு வருடம் போனால் என் பிள்ளையும் நம்பமாட்டாள். நம்புகிற வயதில் ஒரு தரமாவது அவள் அந்த ஊர்வலத்தில் போகவேண்டும். இந்த வருடம் விட்டால் விட்டதுதான்.

அதனால் மே மாதமே புவாண்ட்-கிளேரில் நான் சாமான் பெட்டி கட்டி வேலை செய்கிற ஸ்ரோரில் அந்த ஞாயிறுக்கு லீவு கேட்டு எழுதிக் கொடுத்தேன். டனிஸ்ரனைப் பக்கத்தில் இருத்தி, பாலம் தாண்டி அந்தத் தோப்புவரை இரண்டு தரம் ஓடிப் பார்த்தேன். ஞாயிறு பூசை தவறக்கூடாது என்று சனி பின்னேரம் பிரெஞ்சுப் பூசைக்குப் போனோம். பாதி விளங்காவிட்டாலும் பூசை பூசைதான். வழியில் சாப்பிட மீன் பணிஸ் சுட்டு வைத்தேன். சொந்தக்காரர் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

நான் விடவில்லை. டனிஸ்ரன் அண்ணனிடம் விட்டுவிட்டார். ஞாயிறு காலை எட்டரைக்கு, நாங்கள் செருப்புப் போடும் நேரத்தில், போன் அடித்தது.

"அண்ணையாக்களும் வருகினமாம். வெளிக்கிட்டாச்சாம். ஒரு பத்து நிமிசம் பாப்பம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"நீங்கள் நிண்டு அவையோட வாங்கோ. நாங்கள் போறம்."

சாவிக்கொத்தில் கார்த் திறப்பைத் தேடினார். அது என் கையில் இருந்தது. அண்ணை என்ன நினைப்பார் என்று கேட்டார். என்ன நினைக்கிறதென்றாலும் குளித்து முடித்துவிட்டு நினைக்கட்டும் என்றேன். எங்கள் கலியாணத்துக்குப் பிறகு அவரைப் படிக்கட்டில் விட்டுவிட்டு நான் போனது அதுதான் முதல் தரம். கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் காரை எடுத்தேன்.

பாலத்தில் ஏறினோம். சிறகு நசுங்காமல் றெபேக்கா பின் சீற்றில் முன்னால் சரிந்து இருந்தாள்.

"அம்மா, அது ஆக்கள்தானே?"

போய்ப் பார்த்துவிட்டு நீயே சொல்லு என்றேன்.

"எனக்குப் போன வருசமே தெரியும். தேவதையள் எண்டா எனக்காக நிண்டிருப்பினம். ஆக்கள் எண்டபடியால்தான் வீட்டுக்குப் போயிட்டினம்."

ஒரு வருடமாக நான் ஓடி ஓடிக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அந்த யன்னலடியிலேயே முடிந்துபோயிருந்தது. ஏன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். பிரெஞ்சில் ஏதோ தொடங்கி, தமிழுக்கு மாறினாள்.

"சொன்னா நீங்கள் கார் பழகுறதை விட்டிடுவீங்கள்."

கண் நிறைந்துவிட்டது. பாலத்தின் நடுவில் கையை எடுத்துத் துடைக்க எனக்குத் துணிவில்லை. அப்படியென்றால் வீட்டுக்குத் திரும்புவோமா என்று கேட்டேன்.

"இல்லை. அந்த ஆக்கள் பதினொண்டுக்குப் போயிடுவினம். கெதியா ஓடுங்கோ அம்மா."

இடப்பக்கச் சிக்னலைப் போட்டு, முன்னால் ஊர்ந்துகொண்டிருந்த லொறியை முந்தினேன். என் வாழ்க்கையில் நான் முந்திய முதல் வாகனம் அது.