ஏழு மணி மிஸ்டு கால்

என் புருஷன் பந்தேலெய் லாரி ஓட்டுகிறார். எங்கள் தலைநகர் கிஷினாவில் ஒயின் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஜெர்மனி, பெல்ஜியம் என்று கிளம்பினால் திரும்ப மூன்று வாரம் ஆகும். எங்கே இருந்தாலும் சாயங்காலம் ஏழு மணிக்கு வண்டியை ஓரங்கட்டி எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். ஒரே ரிங். நல்லா இருக்கேன் என்று அர்த்தம். பதிலுக்கு நானும் ஒரு ரிங் விடுவேன். இருபது வருஷமாக இதுதான் எங்கள் பேச்சு. எடுத்துப் பேசினால் ரோமிங் கட்டணம் தோலை உரித்துவிடும். அதனால் எடுத்தால் வீட்டில் ஏதோ விபரீதம் என்று அர்த்தம். நான் எடுத்தது ஒரே தடவை, மாமியார் போன அன்று.

வாட்ஸ்அப் வைத்துக்கொள்ளச் சொன்னால், "அதைப் பாத்துக்கிட்டே ஓட்டினா பள்ளத்துலதான் கிடப்பேன்" என்பார். இன்றும் பொத்தான் ஃபோன்தான். பிடிவாதக்கார மனுஷன்!

நான் பார்க்கும் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஃபோன் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு அலுவலகம். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வேண்டுமானால் எங்கள் சட்டம் அவர்கள் சட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும். ரோமிங் கட்டணத்தை ஒழிக்கும் பகுதி என் மேஜைக்கு வந்தது. நான்கு வருஷம் வரிக்கு வரி ஒப்பிட்டேன். ஃபைல் திருத்தச் சொல்லித் திரும்பி வந்தபோதெல்லாம் மற்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அலுக்கவேயில்லை. அவர் குரலை தினமும் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. வெளியே சொல்ல வெட்கம்.

பக்கத்து மேஜை ராயிசா மோப்பம் பிடித்துவிட்டாள்.

"ஜினாக்கா, நாட்டுக்காகவா இப்படி உழைக்கிறீங்க? மாமாகிட்ட கொஞ்சத்தானே!"

"போடி, வாயை மூடிக்கிட்டு ஃபைலைப் பாரு."

ஜனவரி ஒன்றாம் தேதி கட்டணம் ஒழிந்தது. அவர் பெல்ஜியத்தில் இருந்தார். முன்கூட்டிச் சொல்லாமல் ஆச்சரியப்படுத்தலாம் என்று எனக்கு ஓர் அற்ப ஆசை. ஏழு மணிக்கு ரிங் வந்ததும் எடுத்துவிட்டேன்.

"ஜினா! ஏன் எடுத்தே? யாருக்கு என்ன ஆச்சு? அப்பாவுக்கா?"

"யாருக்கும் ஒண்ணுமில்லைங்க. இனிமே காசு போகாது. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசலாம்."

"அடக் கடவுளே! எனக்கு உயிரே போயிடுச்சு."

பேச்சை நான்தான் ஆரம்பித்தேன்.

"சாப்பிட்டீங்களா?"

"ம். நீ?"

"மமலிகா களி கிளறினேன்."

"சரி."

"அங்க ரொம்பக் குளிரா?"

"குளிர்தான். வேற ஏதாவது இருக்கா ஜினா?"

சொல்வதற்கென்று சேர்த்து வைத்ததெல்லாம் எங்கே போய்த் தொலைந்ததோ! "இல்லைங்க" என்றேன்.

"அப்ப வைக்கட்டுமா?"

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

விடுமுறை முடிந்து ஆபீஸ் போனதும் ராயிசா கண்ணடித்தாள். "என்னக்கா, ஃபோனும் கையுமாவே இருந்தீங்களா?"

"ஆமாடி, மனுஷன் விடவே மாட்டேங்கிறார்."

நன்றாகத்தான் புளுகினேன். நடந்தது என்னவென்றால், நாங்கள் பேசிய மறுநாளே ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. "இப்ப ரிங் விடுவேன். எடுக்காதே. பயமா இருக்கு."

ஃபோன் ஒரு தடவை அடித்து நின்றது. நான் எடுக்கவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு பதிலுக்கு ஒரு ரிங் விட்டேன். ஒன்றோடு நிறுத்தவில்லை, அடிக்கவிட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது.

அவரும் எடுக்கவில்லை.