ஒவ்வொரு நோயாளியையும் கைகழுவி விடவும்

இருந்தவர்கள்: தாதி ஜெஸ்லா. தாதி ஜெயந்தினி. காலில் புண்ணோடு மாரிமுத்து. சுவரில் ஓர் அறிவிப்பு.

நான் இல்லை. இரவு வேலை ஒத்துவராமல் அதற்கு முன்பே அந்த ஆஸ்பத்திரியை விட்டு நின்றுவிட்டேன். ஜெஸ்லா சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

1

முதல் தொடக்கம்: 'பல்லேபொல மலைகளில் பனி இறங்கிய ஒரு காலையில்…' வேண்டாம். மருந்து கட்டும் அறையிலிருந்து பனி தெரியாது.

மறுபடி. மிளகு பறிக்க ஏறிய ஏணியிலிருந்து விழுந்து மாரிமுத்துவுக்குக் கால் பெருவிரலில் வெட்டு. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வேறு. புண் ஒருமுறை சீழ் பிடித்துவிட்டது. மறுபடி பிடித்தால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

2

ஜெயந்தினியை முதலில் சோம்பேறியாக எழுதினேன். பொய். அவளைப்போல வேகமாக, வலிக்காமல் மருந்து கட்ட அந்த அறையில் ஆளில்லை. வேகம்தான் சிக்கல்: ஒரே கையுறையோடு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். தொற்றுத் தடுப்புக்குப் பொறுப்பான ஜெஸ்லா கேட்டால், "கிளவுஸ் போட்டிருக்கேனே, பொறகென்ன?" என்பாள்.

"கிளவுஸ் ஒங்களக் காப்பாத்தும். அடுத்த ஆள யாரு காப்பாத்துறது?"

(இப்படிக் கேட்டதாக ஜெஸ்லா சொல்கிறாள். பயிற்சி வகுப்பு வாடை அடிக்கிறது. பலனும் இருக்கவில்லை.)

கை கழுவியாச்சா என்று நோயாளிகளே கேட்கட்டும் என ஜெஸ்லா சொல்லிப் பார்த்தாள். ஊசி போடுகிறவளிடம் போய் யார் கேட்பது?

3

பிறகு மேலிடத்திலிருந்து அறிவிப்பு வந்தது. சிங்களத்தில் சரியாகத்தான் இருந்தது: நோயாளியைத் தொடுமுன் கைகளைக் கழுவ வேண்டும். கீழே தமிழில்: 'ஒவ்வொரு நோயாளியையும் கைகழுவி விடவும்.'

மாரிமுத்து அதைச் சத்தம்போட்டு வாசித்தார். பக்கத்துக் கட்டிலை முடித்துவிட்டு வந்த ஜெயந்தினி அவர் கால் பக்கம் குனிந்தாள்.

"மிஸ்ஸி, என்னயக் கைகழுவிட்டீங்களா?"

"என்ன அண்ணன் பேச்சு இது?"

"போர்ட்ல போட்டிருக்குங்களே. கவர்மென்ட் உத்தரவு."

அறையே சிரித்தது. ஜெயந்தினியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் கையைப் பார்த்தாள். பிறகு கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குழாயடிக்குப் போனாள்.

அன்றிலிருந்து எல்லாக் கட்டில்களும் அதையே கேட்டன. குற்றம் சொன்னால் கோபம் வரும். பகிடிக்கு யார் கோபிப்பது?

4

முடிவுகள்.

(அ) விரலை எடுத்தார்கள். ஜெயந்தினி அழுது… இல்லை. கதைக்குக் கனம் வேண்டும் என்பதற்காக ஒரு மனிதனின் விரலை நான் வெட்டமாட்டேன்.

(ஆ) புண் ஆறியது. இதுதான் நடந்தது.

இதற்கிடையில் திருத்திய அறிவிப்பும் வந்துவிட்டது, ஒரு பிழையும் இல்லாமல். எதை ஒட்டுவதென்று ஜெஸ்லா இன்னும் தீர்மானிக்கவில்லை. அந்த முடிவு உங்களுடையது. எனக்குத் தமிழ்ப் பிழை பிடிக்காது. ஆனால் மாரிமுத்துவின் விரலையும் யோசித்துப் பாருங்கள்.

புண்ணின் கடைசிக் கட்டை அவிழ்த்த பின் அவர் வாசலில் நின்று திரும்பினார். அன்றைக்குக் கடைசி ஆளும் அவர்தான்.

"அப்ப என்னயக் கைகழுவிட்டீங்க போல?"

"ஆமா அண்ணன்," என்றாள் ஜெயந்தினி, ஈரக்கையைத் துடைத்தபடி. "இன்னக்கித்தான், ஒரேயடியா."

அவர் இரண்டு காலிலும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அவள் கதவைச் சாத்திப் பூட்டினாள்.