ஒரே மாதிரி ஏழெட்டுத் தாள்கள்

என் மகள் எவாஞ்சலின் போலியோ காலோடு நடந்தவள். ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். போலாரத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் அவள் போட்டோ நான்கைந்து உண்டு, எல்லாமே உட்கார்ந்தபடி. கால் தெரிய வேண்டாமென்று போட்டோக்காரனே ஸ்டூல் போட்டுவிடுவான், படுபாவி.

அவள் நடப்பது ஒரே இடத்தில்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் டேவிட்சன் அந்தக் காலத்தில் பேகம்பேட்டில் ஒரு விளம்பரக் கம்பெனிக்குக் கார்ட்டூன் வரைந்தவர். சோப்பு குதிக்கும், பிரஷ் ஆடும். எல்லாம் தாள் தாளாகக் கையால் போட்டது. பிள்ளை போன பிறகு, அவள் சமையற்கட்டிலிருந்து வாசலுக்கு நடப்பதைப் பென்சிலால் வரைந்தார். தாள்கட்டைப் பெருவிரலால் சரசரவென்று புரட்டினால் நடப்பாள்.

என்ன கை அந்த மனுஷனுக்கு! நல்ல கால் சட்டென்று வந்துவிடும். போலியோ கால் ஊன்றும் இடத்தில் மட்டும் ஏழெட்டுத் தாள், பார்த்தால் ஒரே படம். ஆனால் ஒவ்வொன்றிலும் இடுப்பு மயிரிழை இறங்கும், கை முழங்காலை அழுத்தும், உதடு இறுகும். அங்கே பிள்ளை கொஞ்சம் தயங்கி, மூச்சுப் பிடித்து எழும்புவாள். அவரும் போன பிறகு தினமும் சாயங்காலம் நான் அவளை நடக்கவைத்துப் பார்த்தேன்.

புரட்டிப் புரட்டி ஓரமெல்லாம் நைந்துவிட்டது. மாடியில் குடியிருக்கும் கோயம்புத்தூர்க்காரர் கிருஷ்ணகுமார், ஐ.டி. வேலை, "போன்லயே ஓடற மாதிரி பண்ணித் தர்றேனுங்க ஆண்ட்டி" என்றார்.

"நக்கோப்பா, வேண்டாம்" என்றேன்.

"இன்னும் கொஞ்ச நாள்ல பொடிஞ்சு போயிருமுங்க."

அதற்குப் பயந்துதான் கொடுத்துத் தொலைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் கோயில்விட்டு வந்ததும் போனை நீட்டினார். ஒரு பெண் குழந்தை சமையற்கட்டிலிருந்து வாசலுக்கு விறுவிறுவென்று நடந்தது. அதே பாவாடை, அதே ரிப்பன்.

"யாருப்பா இது?"

"உங்க எவாஞ்சலின்தானுங்க. ஒரே படமே திரும்பத் திரும்ப இருந்துச்சு, நின்னு நின்னு போச்சு. அதையெல்லாம் எடுத்துட்டேன். இப்ப எவ்ளோ ஸ்மூத்தா போகுது பாருங்க."

"கைக்கு எடுத்தே? ஏன் எடுத்தே? அந்தத் தாளெல்லாம் எங்கே?"

"டபுள்னு நெனச்சு... ஆபீஸ்ல கிழிக்கிற மெஷின்ல போட்டுட்டேனுங்க."

அவர் கையிலிருந்த தாள்கட்டைப் பிடுங்கினேன். இளைத்திருந்தது. புரட்டினேன். தாளிலும் அவள் நேராகத்தான் நடந்தாள்.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். "தெரியாம பண்ணிட்டேனுங்க ஆண்ட்டி" என்று அந்த ஆள் அழுதேவிட்டார். அழட்டும். எனக்கென்ன.

பிள்ளை உயிரோடிருந்தவரை வாராவாரம் அதே கோயிலில் முழங்கால் போட்டுக் கேட்டேன்: ஆண்டவரே, மற்றப் பிள்ளைகள் மாதிரி இவளும் நடக்கணும். இன்றைக்கு நடக்கிறாள். மறுபடியும் புரட்டிப் பார்த்தேன். தயங்காமல், மூச்சுப் பிடிக்காமல், நேரே வாசலுக்குப் போகிறாள், யார் பெற்ற பிள்ளையோ.