குடித்து முடித்த குரல்

தொண்டையைக் கடைச்சரக்கு ஆக்குவதில்லை என்பது பாடகர் வீட்டுச் சட்டம். அவருடைய அப்பாவும் மேடைப் பாடகர்; ஜலதோஷத்தைக்கூடக் கௌரவமாக அனுபவித்த மனிதர். சோப்பு வியாபாரியான மச்சினன் ஒருமுறை தன் சோப்புக்காக இரண்டு வரி பாடித் தரும்படி கேட்டபோது, பாடகர் எழுந்து அவனை வாசல்வரை கொண்டுபோய் விட்டார். மரியாதைக்காக அல்ல.

அப்படிப்பட்டவர் ஒரு குளிர்பானக் கம்பெனியின் விளம்பரத்துக்குப் பாடப்போகிறார் என்று பாடகரின் மனைவியான அக்கா சொன்னதும், மச்சினன் கடையைப் பூட்டக்கூட மறந்து ஓடி வந்தான்.

பாடகர் அசரவில்லை. இந்தக் குரல் நாடெங்கும் ஒலிக்க வேண்டாமா என்று கம்பெனிக்காரர்கள் கேட்டார்களாம். நாட்டை ஏமாற்ற மனம் வராமல் ஒப்புக்கொண்டாராம். அதுவும் நிபந்தனையோடு. பானத்தின் பெயரோ அதைப் புகழும் ஒரு சொல்லோ தன் வாயில் வராது. மெட்டை வெறும் ‘ஆ’விலேயே இழைத்துத் தருவார். மற்றதை வேறு யாராவது பாடிக்கொள்ளட்டும்.

“பேரே சொல்லாம எப்படி அத்தான் விப்பாங்க?”

“அது அவங்க பாடு. நம்ம குடும்பத்து வாய் சுத்தமா இருக்கணும்.”

பதிவுக்கூடத்துக்கு வெந்நீர் பிளாஸ்க்கும் கழுத்தில் மஃப்ளருமாகப் போனார். பாட்டெழுதிய பெண் நீட்டிய தாளை, அடுத்த வீட்டுக் கரண்ட் பில்லைப் போலத் திருப்பிக் கொடுத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மேலே ஏறினார், வளைந்தார், நெளிந்தார். கடைசியில் அப்பாவின் பாணியில், அடிவயிற்றிலிருந்து நீளமாக ஒரு ‘ஆ’வை எடுத்துக் கீழே இறக்கி வைத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் துள்ளி எழுந்து, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தோம் என்றாள். விஷயம் தெரிந்த பெண் என்று வீட்டில் வந்து சொன்னார் பாடகர்.

விளம்பரம் வந்த அன்று பக்கத்து வீட்டுக்காரர்களும் டிவி முன்னால் கூடியிருந்தார்கள். நாலு பெண்கள் பானத்தின் பெயரைத் திரும்பத் திரும்பப் பாடிக் குதித்தார்கள். வியர்த்து வழிந்த ஒரு பையன் பாட்டிலைக் கவிழ்த்து மடக் மடக்கென்று குடித்தான். வாயைத் துடைத்தான். கண்கள் சொருகின. அவன் வாயிலிருந்து, அடிவயிற்றிலிருந்து நீளமாக, பாடகருடைய அப்பாவின் பாணி வெளியே வந்தது.

“ஆஆஆ...”

அவ்வளவுதான். ஏறியது, வளைந்தது, நெளிந்தது எதுவும் இல்லை. பக்கத்து வீட்டு அம்மாள் பாட்டு இனிமேல்தான் வருமா என்று கேட்டாள். மச்சினன் மிகுந்த பணிவோடு வாயைத் திறந்தான்.

“அத்தான், அது நீங்களா, இல்ல அந்தப் பையனுக்கு வாயுத் தொல்லையா?”

பாடகர் கம்பெனிக்குப் போன் செய்து குடும்ப மானத்தைப் பற்றி விரிவாகப் பேசினார். பொறுமையாகக் கேட்டுக்கொண்ட அந்தப் பாட்டெழுதிய பெண், அவருடைய நிபந்தனையை அட்சரம் பிசகாமல் காப்பாற்றியிருப்பதாகச் சொன்னாள். சுத்தமான வாயை வைத்துக்கொண்டு அதற்கு மேல் என்ன பேசுவது?

ஊர் முழுக்க அந்த ‘ஆ’ பரவிவிட்டது. பச்சைத் தண்ணீர் குடித்தவர்களும் அதைச் சொன்னார்கள். பல் டாக்டர் அவரிடம் “ஆ காட்டுங்க” என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய் நின்றார்.

மச்சினன் மட்டும் சும்மா இருப்பானா? ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் குடித்துவிட்டு, தம்ளரை வைத்து, கண்களைச் சொருகிக்கொண்டு ஒரு ‘ஆ’ விட்டான்.

அக்கா முறைத்தாள். பாடகரின் முகம் சிவந்தது. கேலியைப் பொறுத்துக்கொள்ள அவர் பழகியிருந்தார். ஆனால் இது அப்பாவின் பாணி, அதை இவன் கொலை செய்கிறான்.

“சுருதியே சேரல. தொண்டையிலேருந்து வரக்கூடாது. வயித்துலேருந்து வரணும். இப்படி.”

செய்து காட்டினார். எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ கைதட்டினார்கள். பாடகரின் முதுகு தானாக நிமிர்ந்தது.

மச்சினன் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“அத்தான், நம்ம சோப்புக்கு? குளிச்சு முடிச்சதும் இதே மாதிரி ஒண்ணு...”

பாடகர் எழுந்தார். வாசலுக்குத்தான் என்று மச்சினன் செருப்பைத் தேடினான். அவரோ போய் ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

“சோப்புக்கு ‘ஆ’ சரிப்படாது. ‘ஹா’தான் நிக்கும். பேரு மட்டும் என் வாயில வராது, சொல்லிட்டேன்.”