ஒப்புதல் கிடைக்காத பதிப்பு

விடியுமுன் ஐந்து மணிக்கெல்லாம் ரோசால்பா, மேற்குக் கரை நகரமான சன்னிவேலில் தன் நிறுவனத்தின் மென்பொருள் சோதனைக்கூடத்தில் நின்றாள். கிழக்குக் கரையில் பள்ளிகள் திறக்கும் நேரம் அது. முப்பது கணினிகளின் விசிறிகள் காதைக் குடைந்தன. குளிர்காற்று முழங்காலில் ஊசியாய் இறங்கியது. மென்பொருளின் புதுப் பதிப்பை ஏற்றிப் பார்த்தாள். மின்னஞ்சல் பகுதியைக் காணோம். கை தவறியதோ என்று மறுபடி ஏற்றினாள். அப்போதும் இல்லை.

"ஹியென், நீ சோதிக்கிற நாள்காட்டிப் பகுதி இருக்கா பாரு" என்றாள் பக்கத்து மேசைக்காரனிடம்.

"இல்ல ரோசா. சுத்தமா வழிச்சு எடுத்துட்டாங்க."

போன் விற்றுக் கொழுத்த நிறுவனம் அவர்களுடையது. சின்னப் பள்ளிகள் தங்கள் மின்னஞ்சலையும் நாள்காட்டியையும் சொந்தமாக நடத்த நம்பியிருந்த இந்தச் சர்வர் மென்பொருளை மட்டும் பணம் ஒதுக்காமல் மூன்று வருடமாகப் பட்டினி போட்டிருந்தது. ஆனாலும் மேலாளர் கர்ட்டிஸ் பேச்சைக் கேட்டு, போன மாதம்தான் கிழக்கே வெர்மாண்ட் மாநிலத்துப் பள்ளியொன்றுக்கு, "மின்னஞ்சல் வசதிய எடுக்க மாட்டோம்" என்று ரோசால்பா வாக்குக் கொடுத்திருந்தாள். அதை நம்பி அவர்கள் வேறு மென்பொருள் தேடுவதையே விட்டுவிட்டார்கள்.

ஒன்பது மணிக்குக் காப்பிக் கோப்பையோடு வந்தான் கர்ட்டிஸ்.

"மேலிடத்து முடிவு. வெளிய மூச்சு விடக்கூடாது. வெளியீட்டுக் குறிப்புல 'சிறு திருத்தங்கள்'னு போட்டு ஒப்புதல் குடுத்துடுங்க."

"தலைய எடுத்துட்டு முடிவெட்டுனேன்னு சொல்றதா? அந்த வாக்கு நீங்க சொல்லித்தானே குடுத்தேன்! அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"தெரிஞ்சாலும் சொல்ற இடத்துல நான் இல்ல" என்றான் கர்ட்டிஸ். பதினோரு வருடம் உழைத்தவளைப் பொய்க்காரியாக்கி, நம்பியவர்களை நட்டாற்றில் விட்டிருக்கிறான்.

"நான் குடுக்க மாட்டேன்."

சோதித்தவர் பெயரில் ஒப்புதல் இல்லாமல் பதிப்பு வெளியே போகாது. ஆனால் ஒருவர் மறுத்தால் ஆறு பேர் குழுவில் இன்னொருவர் தரலாம். கர்ட்டிஸ் திரும்பினான்.

"ஹியென், அவங்களுக்கும் சேர்த்து நீங்களே குடுத்துடுங்க. புதுப் போன் குழுவுல உங்களுக்கு இடம் பேசி வச்சிருக்கேன்."

ஹியெனின் மனைவிக்கு இது எட்டாம் மாதம். வேலை போனால் மருத்துவக் காப்பீடும் போகும். அவன் விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நின்றன. பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"மாட்டேன்."

"என்கிட்ட வராதீங்க கர்ட்டிஸ். நடந்து கால்தான் வலிக்கும்" என்றார் கடைசி மேசையிலிருந்து கிழவர் வெண்டல். குழுவின் மற்ற மூவரும் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு ரோசால்பா பக்கம் வந்தார்கள்.

"என்ன நீக்குனீங்களோ அத அப்படியே குறிப்புல எழுதுங்க. ஒப்புதல் தரோம்" என்றாள் ரோசால்பா.

கர்ட்டிஸ் கைபேசியை எடுத்தான். "யாரு மறுத்தாங்கன்னு மேல கேட்பாங்க. யார் பேரச் சொல்ல?"

"ஆறு பேர் பேரையும்" என்றான் ஹியென். "முதல்ல என் பேரச் சொல்லுங்க."