நேற்றைய நண்டு

நந்தினியும் நானும் ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் போகப் பொன்னேரியில் ஜெர்மன் படிக்கிறோம். விலையை ஒப்பிட்டுக் காரணம் சொல்லும் வாக்கியம் அவளுக்கு வரவே வராது. பஸ்ஸில் நான்தான் சொல்லிச் சொல்லிப் பழக்கினேன்.

இன்று அவள் வீட்டுப் படகு மீன்பிடிக்கப் போகவில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்குப் பங்கு கொடுப்பது எங்கள் குப்பத்து வழக்கம். நைனா விடியற்காலை பிடித்த நண்டில் பாதியை அவள் கூடையில் கொட்டினேன். பழவேற்காடு மீன் சந்தையில் அருகருகே உட்கார்ந்தோம்.

ஒரு ஜெர்மன் தம்பதி என்னிடம் விலை கேட்டார்கள். சொன்னேன். நந்தினி முந்திக்கொண்டு, ஜெர்மனில், தப்பே இல்லாமல் சொன்னாள்: “அவள் நண்டு என்னுடையதைவிட மலிவு, ஏனென்றால் அது நேற்றுப் பிடித்தது.”

அவளிடமே வாங்கிப் போனார்கள்.

“கோச்சிக்காதடி, வியாபாரம்னா அப்டித்தான்.”

“காரணம் சொல்ல நான் கத்துக்குடுத்தேன். பொய் சொல்ல எந்தக் கிளாஸுக்குடி போனே?”